வேகத்தடையின் இருப்பிடவியல்: ஒரு குறுக்குத்தெருவை முன்வைத்து

வேகத்தடையை ஆராய்ந்தவர்கள் அதன் உயரம், அகலம், வளைவு என்ற அளவிலேயே நின்றுவிட்டார்கள். அது யார் வீட்டு வாசலில் அமைகிறது என்ற மூலக்கேள்வியைத் தொடவில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக்களம், தென்சென்னையில் இரண்டு பெரிய சாலைகளை இணைக்கும் ஒரு குறுக்குத்தெரு. சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாத வண்டிகளெல்லாம் இதன் வழியாகத்தான் பாய்கின்றன.

முதலில் முன்னோடிகள். எக்ஸ் கதிர் எலக்ட்ரான்மீது மோதிச் சிதறும் விதத்தைக் கண்டுசொல்லி 1927இல் நோபல் பரிசு பெற்றவர் ஆர்தர் காம்ப்டன். செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தபோது, வளாகச் சாலையில் கார்கள் பறப்பதைப் பொறுக்காமல் 1953இல் அவரே வேகத்தடை ஒன்றை வடிவமைத்தார். எலக்ட்ரானை விளங்கிக்கொண்டவருக்கும் காரோட்டியை வழிக்குக் கொண்டுவரத் தரையை மேடாக்குவதைத் தவிர வேறு உபாயம் தோன்றவில்லை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தார் 1960களின் இறுதியில் வேறு வழியில் போனார்கள். மரம், பெஞ்சு என்று தெருவிலேயே இடையிடையே வைத்து, வண்டியை நெளிந்து போகச் செய்தார்கள். 1976இல் அந்நாட்டுச் சட்டமும் அதை ஏற்றது. நம் தெருவில் மணல் குவியல், பசுமாடு, கல்யாணப் பந்தல் ஆகியவற்றைக் கொண்டு இதே முறை சட்டத்தின் துணையின்றியே நெடுங்காலமாக நடைபெறுகிறது. டெல்ஃப்டுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இனி இலக்கணம். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் 1988ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிப்படி வேகத்தடை என்பது 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு சிறு வில், 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் அலுங்காமல் கடக்கலாம். அந்த வட்டத்தின் மையம் சாலைக்கு அடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஆழத்தில் இருக்கும். கிணறு வெட்டினால் ஒழியச் சரிபார்க்க இயலாது. வேகத்தடை போடுபவர் சரிபார்ப்பதும் இல்லை. கடைசி லாரியில் எவ்வளவு தார்க்கலவை மீந்ததோ அதுவே உயரம். கலவை குறைந்தால் திண்ணை, மிஞ்சினால் மதில்.

குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் வேகத்தடை வேண்டும் என்ற தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. வேகமாகப் போகிறவர்கள் அனைவரும் வெளியாட்கள் என்பதும் ஏகமனதாக ஏற்கப்பட்டது. சான்றுக்காகச் செயலாளர் தம் செல்போனில் கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினார். அதில் முதலில் சீறிப் போன ஸ்கூட்டர் பொருளாளருடையது. பதிவு தெளிவாக இல்லை என்று அவை ஒருமுகமாக முடிவு செய்தது.

ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார் எழுந்து, வேகம் பாதியானால் மோதலின் ஆற்றல் கால்வாசியாகிவிடும் என்று கையசைத்து விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

“அருமையா சொன்னீங்க சார். அப்போ உங்க வாசல்லயே போட்டுடலாமா?”

“எங்க காம்பவுண்டுல ஏற்கெனவே விரிசல் இருக்குப்பா. தண்ணி லாரி ஏறி இறங்கினா மொத்தமும் வந்துடும்.”

“எதிர்வீட்டு மாமி வாசல்?”

“நன்னாருக்கு! ராத்திரி பூரா தடால் தடால்னு கேட்டுண்டு நான் தூங்கறதா?”

இங்கிருந்து நம் முதல் விதி பிறக்கிறது: வேகத்தடைக்கு மிகப் பொருத்தமான இடம், கூட்டத்துக்கு வராதவருடைய வாசல். கோயம்புத்தூரில் மகளுடன் தங்கியிருக்கும் ஒருவரின் பூட்டிய வீடு போக்குவரத்து நோக்கில் மிகச் சிறந்தது என்று அன்றிரவே கண்டறியப்பட்டது. வரைபடம் போட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள், கவுன்சிலரிடம் மனுவும் போனது.

ஆனால் தெருவின் விதியைக் கூட்டம் எழுதுவதில்லை. தார் லாரி இரவு பதினோரு மணிக்குமேல் வருகிறது. அப்போது வரைபடம் செயலாளர் வீட்டு அலமாரியில் உறங்குகிறது; செயலாளரும் உறங்குகிறார். விழித்திருந்த மூன்றாம் வீட்டுக்காரர் ப்ளாஸ்க் நிறைய டீயும் ஒரு பொட்டலம் முறுக்குமாக வெளியே வந்தார். “அண்ணே, கொஞ்சம் தள்ளி, அந்த வேப்பமரத்தாண்ட போட்டுடுங்க” என்று அவர் சொன்னதே இறுதித் தீர்ப்பாயிற்று. வேப்பமரம் செயலாளர் வாசலில் இருக்கிறது. ஆக, இரண்டாம் விதி: வேகத்தடையின் இருப்பிடத்தை நிர்ணயிப்பது டீ.

விளைவுகள் கலவையானவை. கார்கள் மெதுவாகின்றன, ஆனால் மேட்டைத் தாண்டியதும் விட்டதைப் பிடிக்க ஓட்டுபவர்கள் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார்கள். மழைநீர் போவதற்காக ஓரத்தில் விட்டிருக்கும் இடுக்கில் புகுந்து போக ஸ்கூட்டர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. முன்பு தெரு நடுவில் இருந்த ஆபத்து இப்போது ஓரத்தில், நடப்பவர் கால்பக்கம் வந்திருக்கிறது. இதை எந்த மனுவும் குறிப்பிடவில்லை. மழை வந்தால் இடுக்கு குப்பையால் அடைத்துக்கொள்ள, மேடு அணையாகிறது.

செயலாளர் இப்போது வேகத்தடையை அகற்றக் கோரி மனு தயாரித்துள்ளார். கோயில் தேர் வரும்போது பல தெருக்களில் ஒரே இரவில் செதுக்கி எடுத்துவிடுகிறார்களே என்பது அவர் முன்வைக்கும் முன்மாதிரி. இத்தெருவில் கோயில் இல்லை. உற்சவரை இவ்வழியாக வரவழைக்க முடியுமா என்று பக்கத்துத் தெருக் கோயில் அறங்காவலரிடம் பேச்சு நடக்கிறது. மூன்றாம் வீட்டுக்காரர் இந்த மனுவிலும் கையெழுத்திட்டு, ப்ளாஸ்க்கையும் கழுவி வைத்திருக்கிறார்.