மழை பெய்தால் கொண்டாடுங்கள்!

நண்பர்களோடு காரில் கிளம்பி, ஃபியோர்டில் படகேறும் ஆசையில் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாம் ஒரே இடத்தைச் சுற்றித்தான்: நியூசிலாந்துத் தென்தீவின் மில்ஃபோர்ட் சவுண்ட்.

கோவை வாசகி: ஃபியோர்டு என்பது ஆறா, ஏரியா, கடலா?

தோண்டியது பனியாறு, நிரப்பியது கடல். பனியுகங்களில் மலையிலிருந்து இறங்கிய பனியாறுகள், தச்சரின் இழைப்புளிபோல் பாறையைச் சீவிக்கொண்டே நகர்ந்தன. பனி உருகிக் கடல்மட்டம் உயர்ந்ததும் அந்தப் பள்ளத்துக்குள் உப்புநீர் புகுந்தது. மில்ஃபோர்டின் நீளம் சுமார் 15 கிலோமீட்டர். இருபுறமும் மலைச்சுவர் நேராகத் தண்ணீரில் இறங்குகிறது. மைட்டர் சிகரம் கிட்டத்தட்ட 1,690 மீட்டர் உயரம். அது நீர் விளிம்பிலிருந்தே எழுந்து நிற்கிறது. நீருக்கு அடியிலும் பள்ளம் ஏறத்தாழ 290 மீட்டர்வரை போகிறது.

திருச்சி வாசகர்: குயின்ஸ்டவுனிலிருந்து சிறு விமானத்தில் சட்டென்று போய்விடலாமாமே? எதற்குக் கார்?

பறவை பறந்தால் சுமார் 70 கிலோமீட்டர். சாலையில் சுமார் 290. நடுவே மலைத்தொடர் நிற்பதால், தெற்கே இறங்கி தே அனாவ் என்ற சிற்றூர் வழியாகச் சுற்றித்தான் வரவேண்டும். அந்தச் சுற்றுதான் பயணமே. புல்வெளி, காடு, மொட்டைப் பாறை, மலைச் சுரங்கம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து வந்தவர், பனி அந்த நாட்டை எப்படிச் செதுக்கியது என்று கண்ணால் பார்த்துவிட்டுப் படகேறுகிறார். விமானத்தில் வந்தவருக்குக் காட்சி கிடைக்கும். காரில் வந்தவருக்கு அதன் காரணமும் கிடைக்கும்.

சேலம் வாசகர்: தே அனாவிலிருந்து மில்ஃபோர்டுக்கு எவ்வளவு நேரம்?

சுமார் 120 கிலோமீட்டர். மேப் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் காட்டும். நீங்கள் நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். சாலை நிறுத்தி நிறுத்திப் பார்க்கச் சொல்லும். படகு யாருக்காகவும் காத்திருக்காது.

நாகர்கோவில் வாசகி: வழியில் எங்கெல்லாம் நிறுத்தலாம்?

முதலில் எக்ளிண்டன் பள்ளத்தாக்கு. மரங்கள் சட்டென்று விலகி, பொன்னிறப் புல்வெளி தட்டையாக விரியும், இருபுறமும் மலைச்சுவர். பனியாறு இழைத்துவிட்டுப்போன தரை அது. கடல் எட்டாததால் புல் முளைத்திருக்கிறது. இதே பள்ளத்தைத் தண்ணீரோடு மில்ஃபோர்டில் பார்ப்பீர்கள்.

அடுத்து மிரர் ஏரிகள். சில நிமிட நடைதான். காற்று எழும்புமுன் காலையில் போனால் மலை தலைகீழாகத் தெளிவாய்த் தெரியும். தெற்கு அட்சரேகை 45 பாகையைக் கடக்கும் இடத்தில் ஒரு பலகை இருக்கிறது: பூமத்திய ரேகைக்கும் தென்துருவத்துக்கும் சரிபாதி. பிறகு பீச் மரக்காடு. பாசி படிந்த அந்தக் காட்டுக்குள் கன் ஏரிக்கரையில் முக்கால் மணி நேரம் நடக்கலாம்.

மதுரை வாசகர்: நாங்கள் ஐந்து நண்பர்கள். ஒருவனுக்கு மலையேற வேண்டும், ஒருவனுக்குப் படம் எடுக்க வேண்டும், மற்றவர்களுக்குத் தூக்கம். எப்படிச் சமாளிப்பது?

இரண்டு நாளாகப் பிரித்துவிடுங்கள். ஒரு நாள் படகுக்கு. அன்று யாரும் மலையேறக் கூடாது. இன்னொரு நாள் 'டிவைட்' என்ற கணவாயில் காரை நிறுத்தி, கீ சமிட் உச்சிக்கு ஏறி இறங்குங்கள். போகவர மூன்று மணி நேரம். படம் எடுப்பவருக்கு முன் இருக்கை, தூங்குகிறவருக்குப் பின் இருக்கை. ஓட்டப்போகும் எல்லோர் பெயரையும் வாடகை ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்தானால் காப்பீடு கைகொடுக்காது.

ஓசூர் வாசகர்: அங்கே ஓட்டுவது கஷ்டமா?

நம் ஊர்போல இடதுபக்கம்தான். அது பெரிய ஆறுதல். கவனிக்க வேண்டியவை வேறு. ஒற்றைத் தடப் பாலங்களில், உங்கள் பக்கத்து அம்பு சிறியதாகச் சிவப்பில் இருந்தால் எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும். மெதுவாகப் போகிறீர்கள், பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன என்றால் ஒதுங்கி அவர்களை அனுப்புங்கள். அழகைப் பார்த்த பரவசத்தில் சாலை நடுவே மட்டும் நிறுத்தாதீர்கள். பெட்ரோலை தே அனாவிலேயே நிரப்பிவிடுங்கள்.

வேலூர் வாசகி: வழியில் செல்போன் சிக்னல்?

தே அனாவைத் தாண்டினால் அதை நம்பாதீர்கள். மேப்பை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச நேரத்தை நண்பர்களோடு பேசச் செலவிடுங்கள், அதற்குத்தானே கிளம்பினீர்கள்.

தஞ்சாவூர் வாசகர்: வழியில் வரும் ஹோமர் சுரங்கத்தைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். அப்படி என்ன சிறப்பு?

மனிதப் பிடிவாதம். 1935-ல், உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்தபோது, வேலையில்லாதவர்களுக்கு வேலை தரும் திட்டமாக ஐந்து பேர் கடப்பாரையும் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாகத் தொடங்கினார்கள். கூடாரத்தில் வாழ்க்கை, மலைநிழலில் மாதக்கணக்கில் வெயிலே படாது. மேலிருந்து கீழ்நோக்கித் தோண்டியதால், பாறை இடுக்குகளில் கசிந்த நீரெல்லாம் வேலை நடக்கும் முனையிலேயே தேங்கியது. இறைத்துக்கொண்டே தோண்டினார்கள். பனிச்சரிவுகள் உயிர்களைப் பறித்தன. உலகப்போரும் குறுக்கிட்டது. 1954-ல்தான் வண்டிகள் ஓடத் தொடங்கின.

நீளம் 1.2 கிலோமீட்டர்தான். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் மில்ஃபோர்டை நோக்கி இறங்குகிறது. அந்தச் சில நிமிடங்கள் பாட்டை நிறுத்திவிட்டு, வெட்டியபடியே விடப்பட்ட பாறைச்சுவரைப் பாருங்கள். மறுபக்கம் நாம் பார்க்கப்போகும் அழகை நமக்குத் திறந்துவிட்டவர்கள் அந்தக் கூலித் தொழிலாளர்கள்.

உதகை வாசகி: சுரங்க வாசலில் கிளிகள் காரைக் கடிக்குமாமே?

கடிக்கும். கியா என்ற அந்தப் பச்சைக் கிளி மலைப்பகுதியில் வாழ்வது. புத்தி கூர்மை, ஆர்வம் அதைவிடக் கூர்மை. கார் கண்ணாடியின் ரப்பரை உரித்துப் பார்க்கும். ஆனால் ஒரு துண்டு பிஸ்கட்கூடப் போடாதீர்கள். அழிவின் விளிம்பில் உள்ள பறவை அது; தீனிக்குப் பழகினால் சாலையிலேயே நின்று வண்டியில் அடிபடும். அன்பிருந்தால் கை கட்டி நின்று பாருங்கள்.

சென்னை வாசகர்: எங்கள் படகு நாளில் மழை என்கிறது வானிலை அறிக்கை. ரத்து செய்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம்! அதிர்ஷ்டசாலிகள் நீங்கள். டாஸ்மன் கடலின் ஈரத்தை அள்ளிவரும் மேற்குக்காற்று இந்த மலைச்சுவரில் மோதி, சுமையை அங்கேயே இறக்கிவிடுகிறது. ஆண்டு மழை 6,000 மில்லிமீட்டருக்கு மேல்; உங்கள் சென்னைக்குக் கிடைப்பது சுமார் 1,400. ஆண்டில் ஏறத்தாழ பாதி நாள் அங்கே மழைதான்.

வெயில் நாளில் போனால் நிரந்தர அருவிகளான லேடி போவனையும் ஸ்டெர்லிங்கையும் பார்ப்பீர்கள். முன்னது சுமார் 160 மீட்டர், பின்னது சுமார் 150. மழை நாளில் போனால் நூற்றுக்கணக்கான அருவிகள் ஒரே நேரத்தில் இறங்கும். நீரைப் பிடித்துவைக்க அந்தப் பாறையில் மண்ணே இல்லை. மழை விட்ட சில மணி நேரத்தில் அத்தனையும் மறைந்துவிடும். மரங்கள்கூடப் பாசியைப் பற்றிக்கொண்டும், ஒன்றன் வேரை ஒன்று பற்றிக்கொண்டும்தான் நிற்கின்றன. ஒன்று சரிந்தால் கீழுள்ளவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தத் தழும்புகளை மலைச்சுவரில் காணலாம்.

ஆனால் கனமழை எச்சரிக்கை வந்து சாலையை மூடிவிட்டால் வாதாடாதீர்கள். 2020 பிப்ரவரி வெள்ளத்தில் இந்தச் சாலை பல இடங்களில் பெயர்ந்து, நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள்.

தூத்துக்குடி வாசகர்: தண்ணீர் ஏன் கறுப்பாக இருக்கிறது?

அதுவும் மழையின் கைவேலை. காட்டு இலைதழைகளின் சாற்றோடு இறங்கும் பழுப்பு நிற நன்னீர், உப்புநீரின் மேல் ஓர் அடுக்காக மிதக்கிறது. அது வெளிச்சத்தைத் தடுப்பதால், ஆழ்கடலில் வாழும் கரும்பவளம் இங்கே பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்திலேயே வளர்கிறது. உயிரோடு இருக்கும்போது அது பார்வைக்கு வெள்ளை, எலும்புக்கூடுதான் கறுப்பு. மேலே பாறைமேல் சீல்கள் படுத்திருக்கும். சில நாட்களில் டால்பின்களும் படகோடு வரும்.

ஈரோடு வாசகி: எந்த நேரத்துப் படகு நல்லது?

காலை முதல் படகு அல்லது பிற்பகல் கடைசிப் படகு. குயின்ஸ்டவுனிலிருந்து வரும் சுற்றுலாப் பேருந்துகள் நண்பகலில்தான் குவியும். சவாரி ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். டாஸ்மன் கடல் வாசல்வரை போய்த் திரும்பும். ஸ்டெர்லிங் அருவிக்கு மிக அருகில் படகைக் கொண்டுபோவார்கள். கேமராவை உள்ளே வைத்துவிட்டு மேல்தளத்தில் நில்லுங்கள். கண்டிப்பாக நனைவீர்கள், அதைத் தவறவிடாதீர்கள்.

புதுக்கோட்டை வாசகர்: கொசு உண்டா?

அதைவிடப் பொல்லாத கடி ஈ உண்டு; 'சேண்ட்ஃப்ளை' என்பார்கள். மாவோரி மரபுக் கதையில், டூ-தே-ரக்கி-ஃபானோவா என்ற தெய்வம் இந்தக் கடற்கரையைச் செதுக்கி முடித்தது. அந்த அழகில் மயங்கி மனிதர்கள் இங்கேயே தங்கிவிடக் கூடாது என்று ஹினே-நுயி-தே-போ என்ற தேவி இந்த ஈக்களை ஏவிவிட்டாள். முழுக்கைச் சட்டை, ஈ விரட்டும் மருந்து இரண்டும் போதும். நடந்துகொண்டே இருங்கள், நின்றால்தான் மொய்க்கும்.

விருதுநகர் வாசகி: ஊரிலிருந்து புளியோதரைப் பொடி, ஊறுகாய் எடுத்துப் போகலாமா?

உணவு எதுவானாலும் நாட்டுக்குள் நுழையும்போது தரும் பயணி அறிவிப்பில் எழுதிவிடுங்கள். எழுதாமல் மாட்டினால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை வேண்டாம். செருப்பு, ஷூவில் ஒட்டிய மண்ணையும் கழுவுங்கள். வேறெங்கும் இல்லாத உயிர்கள் வாழும் நாடு. வெளிப் பூச்சியும் நோயும் புகுந்துவிடுமோ என்ற அந்நாட்டவரின் பயம் நியாயமானது.

காரைக்குடி வாசகர்: நம் கோடை விடுமுறைக்குப் பிறகு ஜூன், ஜூலையில் போகலாமா?

அங்கே அது கடுங்குளிர். மே முதல் நவம்பர் வரை டயருக்கான பனிச் சங்கிலி காரில் இருக்க வேண்டும். 1983-ல் சாலைப் பணி மேற்பார்வையாளர் ஒருவர் பனிச்சரிவில் இறந்த பிறகு, ஹெலிகாப்டரிலிருந்து வெடிவைத்துப் பனியை முன்கூட்டியே சரியவைக்கும் முறை வந்தது. அப்போது சாலை மூடப்படும். பனிச் சாலையில் பழக்கமில்லாதவர்கள் தே அனாவிலிருந்து பேருந்தில் போவதே புத்திசாலித்தனம். முதல் முறை என்றால் டிசம்பர் முதல் மார்ச் வரை போங்கள்.

புதுச்சேரி வாசகி: இவ்வளவு பேர் போய்க் குவிந்தால் அந்த இடம் என்ன ஆகும்? போகாமல் இருப்பதே நல்லதோ?

நல்ல கேள்வி. 2019-ல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். தரைவழியாக வந்துபோக இந்த ஒரே ஒரு சாலைதான். பெரும்பாலோர் நண்பகலின் அந்தச் சில மணி நேரத்திலேயே வந்து இறங்குகிறார்கள். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்த்தவர்கள்தான் ஓர் இடத்துக்காகக் குரல் கொடுப்பார்கள். அவசரமாகப் போகாதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். தே அனாவில் இரண்டு இரவு தங்குங்கள். உங்கள் பணம் அந்தச் சிற்றூருக்குப் போய்ச்சேரும். கூட்டமில்லாத நேரத்தில் படகேறுங்கள். ஐந்து பேருக்கு இரண்டு கார் எடுக்காமல் ஒன்றிலேயே நெருக்கி உட்காருங்கள். சாலையில் ஒரு கார் குறையும், நட்பில் நெருக்கம் கூடும்.