சீசன் ஆளும் வரிக் கழிவும்

கேள்வி: ஏற்காடு ஏரிக்கரையில் சின்ன ஓட்டல் நடத்துகிறேன். மே மாதக் கூட்டத்துக்கு சப்ளைக்கு இரண்டு பேரைப் புதிதாகச் சேர்த்தால் வருமான வரியில் சலுகை உண்டாமே?

பதில்: உண்டு. ஆடிட்டர்கள் 80ஜேஜேஏஏ என்று மூச்சுவிடாமல் சொல்வது அதைத்தான். மாதம் 25,000 ரூபாய்க்கு மிகாத சம்பளத்தில் கூடுதலாக ஆள் வைத்தால், அந்தச் சம்பளச் செலவில் 30 சதவீதத்தை மூன்று வருடத்துக்கு வருமானத்தில் கூடுதலாகக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அவர் வருடத்தில் 240 நாள் வேலை பார்க்க வேண்டும், பி.எஃப். வேண்டும்; கணக்குத் தணிக்கையும் வேண்டும். கல்லாவிலிருந்து எண்ணிக் கொடுத்த நோட்டு செல்லாது, சம்பளம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும். உங்கள் சீசன் ஆளோ, ஜூன் முதல் மழையில் மிளகாய் பஜ்ஜித் தட்டை மேசையில் வைத்துவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவையும் கடந்து சேலம் போய்ச் சேர்ந்திருப்பார்!