அந்த இடத்துல பாட்டு ஓடுச்சு

(விரிஞ்சிபுரம். தச்சுப் பட்டறை. தம்பியின் கையில் நாலு கால்.)

தம்பி: ஆசாரிண்ணே, மேசை முடிஞ்சிருச்சு. கால் மட்டும்தான் பாக்கி.

ஆசாரி: பலகை முடிஞ்சிருக்குன்னு சொல்லுப்பா.

தம்பி: 15 டிகிரி சாய்வுக் காலுண்ணே. செம ஸ்டைல். நான் பாத்துச் செஞ்ச வீடியோவுக்கு 3 லட்சம் லைக்கு!

ஆசாரி: அதுல எத்தினி பேரு அந்த மேசைமேல கையை ஊனிப் பாத்தாங்க?

தம்பி: கிண்டல் பண்ணாதீங்க. கரெக்டா 30 அங்குலம் வெட்டியாச்சு.

ஆசாரி: 30 அங்குலக் காலை 15 டிகிரி சாய்ச்சா உயரம் 29தான் வரும். அடி கிட்டத்தட்ட 8 அங்குலம் தள்ளிப்போகும். வர்றவன் போறவன் சுண்டுவிரலெல்லாம் அதுலதான் இடிக்கும். சரி, நுனியை எப்படி வெட்டின?

தம்பி: மூலைமட்டம் வச்சு, நேரா.

ஆசாரி: நேரா வெட்டினதைச் சாய்ச்சா ஓரத்துலதானே நிக்கும்? மேலயும் கீழயும் அதே சாய்வுல, ஒண்ணுக்கொண்ணு இணையா வெட்டணும். வீடியோவுல சொல்லல?

தம்பி: அந்த இடத்துல பாட்டு ஓடுச்சுண்ணே.

ஆசாரி: பலகையில எப்படிப் பூட்டப்போற?

தம்பி: மேலேர்ந்து காலோட நுனிக்குள்ள நீட்டு ஸ்க்ரூ.

ஆசாரி: நார் ஓடுற திசையில ஸ்க்ரூ இறுக்கிப் பிடிக்காதுப்பா. ரெண்டு தடவை மேசையை நகத்தினா கழண்டுக்கும். சாஞ்ச கால்ல எடை விழுந்தா வெளிய விரியத்தான் பாக்கும். அதை இழுத்துப் பிடிக்கக் குறுக்குச் சட்டம் வேணும். கால் நுனியில கழுந்து செதுக்கிப் பலகைத் துளையில இறக்கணும். இல்ல, பலகைக்கு அடியில அதே சாய்வுல ஆப்புக்கட்டை கொடுத்து, பக்கவாட்டுல போல்ட் போடணும்.

தம்பி: அங்கயும் பாட்டுதான்.

ஆசாரி: வீடியோ பாத்தியா, கச்சேரிக்குப் போனியா?

தம்பி: நம்ம கோயில் லிங்கம், மார்க்கபந்தீஸ்வரரே சாஞ்சுதானே இருக்காரு? அவருக்கு யாரு சட்டம் போட்டா?

ஆசாரி: அபிஷேகம் பண்ண வந்த சின்னப் பையனுக்கு எட்டலைன்னு அவரு தலை சாய்ச்சாருன்னு கதை. நீ லைக்குக்குச் சாய்க்கிற.

தம்பி: ஆடினா ஆடட்டும். ஆம்பூர் ஷூ கம்பெனித் தோல்துண்டை மடிச்சு அடியில வச்சுக்கிறேன்.

ஆசாரி: இந்த வைத்தியத்துலதான் நாடே நிக்குது! பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு காண்ட்ராக்ட் எடுக்கிறானே, அவனும் உன் ஜாதகம்தான். சட்டம் கிடையாது, நாலு ஸ்க்ரூ போடுற இடத்துல ரெண்டு. நீயாச்சும் உன் காசுல, உன் முதுகுக்குச் செய்யற. அவன் ஊர்க்காசுல, ஊரான் புள்ளைங்க முதுகுக்குச் செய்யறான். பெஞ்சு விரிஞ்சு புள்ளைங்க மறுபடி தரையில உக்காருது. அவன் பேரு பெஞ்சு முதுகுல பெயிண்டுல பளபளன்னு இருக்கு. வயிறு எரியுதுப்பா.

தம்பி: பில்லு பாஸ் பண்றவங்க கேக்க மாட்டாங்களா?

ஆசாரி: அந்த நேரத்துக்குப் பாட்டு ஓடிச்சு. விழா மைக்செட்டுல.

தம்பி: இப்ப இன்னா பண்றது?

ஆசாரி: காலை வச்சுட்டுப் போ. சட்டத்துக்குப் பூவரசு கிடக்கு, போட்டுத் தரேன். ஒண்ணே ஒண்ணு. அடுத்த தடவை பள்ளிக்கூடத்துல பெஞ்சு லாரி வந்து நிக்கறப்ப, மாலை போடறதுக்கு முன்ன நாலு பேரைக் கூட்டிப் போய், குனிஞ்சு காலைப் பாருங்க.