தேயிலைச் செடி அறுபது சதவீதம் விவசாயி

இந்தியாவில் கோடீஸ்வர விவசாயிகள் அதிகம் வாழும் ஊர் எது? தஞ்சாவூர் என்றால் தப்பு. லூதியானா என்றாலும் தப்பு. பெங்களூர். இது என் கற்பனை அல்ல, 2016இல் வெளியே வந்த வருமான வரித் துறைக் கணக்கு. 2007-08 முதல் 2015-16 வரையிலான மதிப்பீட்டு ஆண்டுகளில், விவசாயத்தில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் வந்ததாக எழுதிக் கொடுத்த கணக்குகள் நாடு முழுக்க 2,746. அதில் 321 பெங்களூர்க் கணக்கு. டெல்லிக்கு 275, சென்னைக்கு 181. மார்ச் மாதம் பிறந்தால் குளிக்கவே லாரித் தண்ணீருக்குச் சொல்லிவைக்கும் ஊரில் இத்தனை பேர் என்னதான் பயிரிட்டார்கள்?

சந்தாபுரா பக்கம் வந்தால் ஓரளவு விளங்கும். எலக்ட்ரானிக் சிட்டி, ஹெப்பகோடி, பொம்மசந்திரா எல்லாம் தாண்டி, ஓசூர் ரோட்டிலிருந்து ஆனேக்கல் பக்கம் பிரியும் முக்கு. ஒரு தலைமுறைக்கு முன் இங்கே ராகியும் அவரையும் விளைந்தன. இப்போது மூன்று பெட்ரூம் வீடு விளைகிறது, வருடம் முழுக்க, மழையை நம்பாமல். ஏரியில் கழிவு நீர் நிற்கிறது. அதை இப்படி ஆகவிட்டதற்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் கர்நாடக அரசை 500 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. ராகி இந்த ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம் முழுவதும் சட்டப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது. 1974லிருந்து 2020 வரை 46 வருடம், அப்படித்தான் எழுதியிருந்தது.

அப்படியானால் விவசாயி என்பவர் யார்? நம் சபைகள் இந்தக் கேள்வியை நூற்றறுபது வருடமாக விவாதித்துக்கொண்டிருக்கின்றன. விடை தெரியாததால் அல்ல. தெரிந்துவிட்டால் பல பேருக்குக் கஷ்டம்.

கதை 1860இல் தொடங்குகிறது. சிப்பாய்க் கலகத்தை அடக்கிய செலவில் கல்கத்தா கஜானா துடைத்துப்போட்டதுபோல் கிடந்தது. அதை நிரப்ப லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் என்பவரை அனுப்பினார்கள். தொப்பித் தொழிலில் தொடங்கி, ‘எக்கனாமிஸ்ட்’ பத்திரிகையை நிறுவி, நாடாளுமன்றம்வரை போனவர். அவர் வந்து இந்தியாவின் முதல் பட்ஜெட்டை வாசித்து, கூடவே வருமான வரியையும் இறக்கினார். வருட வருமானம் 200 ரூபாயைத் தாண்டினால் இரண்டு சதவீதம், 500ஐத் தாண்டினால் நாலு. ஜமீன்தாரா, மிராசுதாரா, வக்கீலா என்றெல்லாம் அந்த மனிதர் பார்க்கவில்லை. நிலத்து வருமானமும் வருமானம்தான் என்று நினைத்துவிட்டார். ஊருக்குப் புதுசு, பாவம்.

பெரிய எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? நம் சென்னையிலிருந்து. ஜமீன்தார்களிடமிருந்து அல்ல, கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யனிடமிருந்தே. இந்த வரி வேண்டவே வேண்டாம் என்று ஒரு குறிப்பு எழுதினார். எழுதியதை மேலிடத்துக்கு மட்டும் அனுப்பியிருந்தால் அது நிர்வாகம். பத்திரிகைகளுக்கும் கொடுத்துவிட்டார், அது அரசியலாகிவிட்டது. மத்திய அரசுக்கும் சென்னைக்கும் வரி விஷயத்தில் ஒத்துப்போகாது என்பது ஏதோ நேற்று ஆரம்பித்த வழக்கம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தை இன்னொரு தரம் படிக்கலாம். லண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

அவர் இடத்துக்கு இலங்கையிலிருந்து ஹென்றி வார்டு வந்தார். அங்கே காப்பித் தோட்டங்களுக்கு ரோடு போட்டுத் துரைமார்களிடம் நல்ல பெயர் வாங்கியவர். ஜூலையில் பதவி ஏற்றார், ஆகஸ்ட் 2ஆம் தேதி காலராவில் போய்ச் சேர்ந்தார். ஒன்பது நாள் கழித்துக் கல்கத்தாவில் வில்சனும் வயிற்றுக்கடுப்பில் போனார். எதிர்த்தவர் மட்டும் நலமாக இருந்தார். இரண்டு மூன்று வருடத்தில் அதே கல்கத்தாவுக்கு, வில்சன் உட்கார்ந்த அதே நிதிப் பொறுப்புக்கே ட்ரெவெல்யன் வந்து சேர்ந்தார். 1865இல் வரி காலாவதியானது. பிறகு அது பல வேஷத்தில் வந்து வந்து போய், 1886இல் நிலையாக உட்கார்ந்தபோது விவசாய வருமானத்தை விட்டுவிட்டது. நிலக்காரர்தான் தீர்வை கட்டுகிறாரே, இன்னொரு வரி எதற்கு என்பது சொன்ன காரணம். ஜமீன்தார்களைச் சீண்ட வேண்டாம் என்பது சொல்லாத காரணம். தீர்வை இன்று சிறு காசாகிவிட்டது. விலக்கு மட்டும் கல்மாதிரி நிற்கிறது.

இதற்கிடையே மைசூரில் ஒரு புதுமை. 1881இல் திவான் ரங்காச்சார்லு பிரஜா பிரதிநிதி சபையைக் கூட்டினார். செங்கல்பட்டுச் சீமையில் பிறந்தவர், ஆகவே நம் ஆள் என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். சுதேச சமஸ்தானங்களில் அப்படி ஒரு சபை அதுதான் முதல். 144 பேர், பெரும்பாலும் நிலக்காரர்களும் வியாபாரிகளும், தசராவுக்கு வந்த கையோடு மைசூரில் உட்கார்ந்தார்கள். யானையைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று, ஜனநாயகத்தைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று. திவான் அறிக்கை வாசிப்பார், உறுப்பினர்கள் ஊர்க் குறைகளைச் சொல்வார்கள், ஓட்டெடுப்பு கிடையாது. பின்னாளில் வெள்ளைக்காரக் காப்பித் தோட்டத் துரை ராபர்ட் எலியட்டும் அங்கே உட்கார்ந்தார். 1894இல் தங்கம், வேட்டை, காப்பி மூன்றையும் சேர்த்து மைசூரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ராகி தலைப்பில் இடம்பிடிக்கவில்லை.

அடுத்த சிக்கல் தேயிலையால் வந்தது. இலை செடியில் இருக்கும்வரை விவசாயம், சரி. பறித்து, வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்திப் பெட்டியில் போட்ட பிறகு? அது ஃபாக்டரி அல்லவா? 1920இல் கில்லிங் வேலி டீ கம்பெனி வழக்கில் கல்கத்தா உயர்நீதிமன்றம் உட்கார்ந்து யோசித்து, பாதி இது, பாதி அது என்று கூறியது. அரசாங்கம் பாதியைக் கணக்காகப் பங்கு போட்டது. தேயிலை வருமானத்தில் 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் வியாபாரம். ரப்பருக்கும் காப்பிக்கும் பிற்பாடு தனித்தனி ஜாதகம் எழுதினார்கள். ரப்பர் 65 சதவீதம் விவசாயி. காப்பி விளைவித்துப் பதப்படுத்தி விற்பவர் 75 சதவீதம் விவசாயி. அதையே வறுத்து அரைத்து விற்றால் 60க்கு இறங்கிவிடுவார். சிக்கரி கலந்தாலும் அதுதான், கலக்காவிட்டாலும் அதுதான் என்று விதியிலேயே சேர்த்து எழுதியிருக்கிறார்கள். கும்பகோணத்துக்காரர் யாரோ அந்த ஆபீசில் இருந்திருக்க வேண்டும்.

செடியை இப்படி நுணுக்கமாகப் பிரித்தவர்களுக்கு, அந்த இலையைப் பறித்த பெண்ணை எந்தக் கணக்கில் வைப்பது என்று மட்டும் தோன்றவில்லை. ராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கூடை சுமக்கப் போனவள் எந்தச் சட்டத்திலும் ஒரு சதவீதம்கூட விவசாயி இல்லை. இந்தியாவில் அவளுக்கு 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. கடல் தாண்டி இலங்கைக்குப் போனவளுக்கு, 1948இல் அங்கே கூடிய நாடாளுமன்றம் குடியுரிமையே இல்லை என்று சட்டம் போட்டது. இதில் வேடிக்கை பண்ண ஒன்றுமில்லை, மேலே போகலாம்.

சுதந்திரம் வந்தது, நில உச்சவரம்பும் வந்தது. உழுபவனுக்கே நிலம் என்று எல்லாக் கட்சியும் மேஜையைத் தட்டியது. தமிழ்நாட்டில் 1961இல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970இல் 15. கேரளத்தில் கம்யூனிஸ்டுகள் இதற்காகவே ஆட்சிக்கு வந்து, இதற்காகவே ஆட்சியை இழந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். எல்லோரும் ஓர் இடத்துக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அந்த இடம் எஸ்டேட். நெல்லுக்கு வரம்பு உண்டு, தேயிலைக்குக் கிடையாது. தோட்டத்தைத் துண்டு போட்டால் உற்பத்தி போய்விடும், அந்நியச் செலாவணி போய்விடும் என்றார்கள். அந்நியச் செலாவணி என்ற சொல்லைக் கேட்டால் அந்தக் காலத்தில் வலது இடது இரண்டு பக்கமும் எழுந்து நிற்கும். இலங்கையிலும் 1972இல் தனியாருக்கு 50 ஏக்கர் வரம்பு வைத்தபோது கம்பெனித் தோட்டங்களைத் தொடவில்லை. அதற்கு 1975 ஆக வேண்டியிருந்தது.

கர்நாடகத்தில் முதலமைச்சர் தேவராஜ் அர்ஸ். மனிதர் உண்மையிலேயே காரியம் செய்தவர், அதையும் சொல்லிவிட வேண்டும். 1974 மார்ச் 1 முதல் குத்தகைமுறையே கிடையாது என்றார், லட்சக்கணக்கான குத்தகைதாரர்கள் தாலுகா தாலுகாவாகத் தீர்ப்பாயங்களில் மனு போட்டார்கள், நிலமும் கிடைத்தது. அந்தத் திருத்தத்தில்தான் 79ஏ என்ற பிரிவு பிறந்தது. விவசாயம் அல்லாத வழியில் வருடத்துக்கு 12,000 ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது. 79பி கம்பெனிகளைத் தடுத்தது. 104ஆம் பிரிவு வழக்கம்போல, இதெல்லாம் எஸ்டேட்டுக்குப் பொருந்தாது என்றது. காப்பி, தேயிலை, ரப்பர், மிளகு, ஏலக்காய் ஐந்தும் தப்பித்தன.

ஆக, பம்பாய் சினிமா நட்சத்திரம் ஒருவர் குடகில் இருநூறு ஏக்கர் காப்பித் தோட்டம் வாங்கலாம், சட்டத்துக்குச் சம்மதம். சந்தாபுராவில் வாடகைக்கு இருக்கும் பேங்க் ஆபீசர் இரண்டு ஏக்கர் ராகிக் காடு வாங்கினால் குற்றம். ராகியின் கற்பைக் காப்பதில் விதான சௌதாவுக்கு அத்தனை அக்கறை.

நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? விவசாயக் குடும்பம் என்று காட்ட, தாத்தாவின் பஹணியை, அதாவது நிலப் பதிவேட்டை, தேடி எடுத்தார்கள். தாத்தாவுக்கு நிலம் இல்லாதவர்கள் நிலமுள்ள தாத்தாவைத் தேடி எடுத்தார்கள். பவர் பத்திரம் எழுதினார்கள். ‘ரெவின்யூ சைட் சார், பயப்படாதீங்க, எல்லாரும் வாங்கறாங்க’ என்ற தரகர் வசனம் ஓசூர் ரோட்டில் கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்றிலும் புழங்கியது. 1978இல் கர்நாடக அரசின் மின்னணு நிறுவனமான கியோனிக்ஸ் 332 ஏக்கரில் எலக்ட்ரானிக் சிட்டியை நட்டது. அது காய்க்க ஆரம்பித்ததும் பக்கத்துக் காடெல்லாம் லேஅவுட் ஆயிற்று. சட்டசபை தன் பங்குக்கு 12,000 ரூபாயை ஐம்பதாயிரம் ஆக்கியது, 1995இல் இரண்டு லட்சம் ஆக்கியது, 2015இல் 25 லட்சம் ஆக்கியது. விவசாயி அல்லாதவருக்கு இந்த நாட்டில் ஒழுங்காகக் கிடைத்த பஞ்சப்படி இது ஒன்றுதான்.

சபைக்குள்ளே மட்டும் விவசாயிக்குப் பஞ்சமே வந்ததில்லை. தேவே கௌடா மண்ணின் மகனாகவே 1996இல் பிரதமர் ஆனார். எடியூரப்பா 2008இல் கர்நாடக முதலமைச்சராகக் கடவுளின் பெயரோடு விவசாயிகளின் பெயரையும் சேர்த்துப் பதவிப் பிரமாணம் எடுத்தார், 2011இல் விவசாயத்துக்கென்று தனி பட்ஜெட்டே போட்டார். பத்து வருடம் கழித்து நம் அப்போதைய வேளாண் அமைச்சர் எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம் பச்சைத் துண்டோடு வந்து தமிழ்நாட்டின் முதல் வேளாண் பட்ஜெட்டை வாசித்தார். துண்டின் பச்சை குறைந்ததே இல்லை.

2016க்கு வருவோம். அந்த 2,746 கணக்கோடு சேர்ந்து இன்னொரு எண்ணும் வெளியே வந்தது. 2011இல் நாட்டில் காட்டப்பட்ட விவசாய வருமானம் ஏறத்தாழ 2,000 லட்சம் கோடி ரூபாய். மொத்த இந்தியாவின் உற்பத்தியே அப்போது 100 லட்சம் கோடியைத் தொடவில்லை. அதாவது, இந்தியாவைப்போல இருபது இந்தியா சேர்ந்து விளைவித்தாலும் போதாத விளைச்சல். டைப் அடித்தவர் சைபர்களை இரைத்துவிட்டாரா பாருங்கள் என்று வரித் துறை தன் அதிகாரிகளுக்கு உத்தரவு போட்டது. மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் பிடித்துக்கொண்டன. நிதியமைச்சர் ஜேட்லி எழுந்து, சில முக்கியப் பிரமுகர்களின் கணக்கையும் விசாரிக்கிறோம், பெயர் வெளியே வந்தால் அரசியல் பழிவாங்கல் என்று சொல்லாதீர்கள் என்ற கருத்தில் பதில் சொன்னார். அந்தப் பதிலுக்குப் பிறகு யாருக்கும் அவ்வளவு ஆர்வம் இருக்கவில்லை. அடுத்த வருடம் நிதி ஆயோக்கின் பிபேக் தேப்ராய், விவசாய வருமானத்துக்கும் வரி போடலாம் என்று வாய் திறந்தார். ஜேட்லி மறுநாளே, அப்படி ஒரு எண்ணமே இல்லை என்றார். வில்சனின் கதி தேப்ராய்க்கு வரவில்லை, அந்த அளவில் நாடு முன்னேறியிருக்கிறது.

2020 செப்டம்பர் 20. மூன்று வேளாண் மசோதாக்களில் இரண்டைக் குரல் வாக்கெடுப்பில் மாநிலங்களவை நிறைவேற்றியது. யார் குரல் அதிகம் என்று யாருக்கும் கேட்காத அளவுக்குக் குரல். மறுநாள் எட்டு உறுப்பினர்கள் சஸ்பெண்ட். அவர்கள் வளாகப் புல்வெளியிலேயே இரவைக் கழித்தார்கள். விடிந்ததும் துணைத் தலைவர் ஹரிவன்ஷ் அவர்களுக்குத் தன் கையால் தேநீர் கொண்டுவந்தார். அவர்கள் குடிக்கவில்லை. 60 சதவீதம் விவசாயம் கலந்த பானம், விவசாயத்துக்காகப் புறக்கணிக்கப்பட்டது. 2021 நவம்பர் 29இல் மூன்று சட்டங்களையும் இரண்டு அவைகளும் ரத்து செய்தன, விவாதமே இல்லாமல், ஒரு டீ ஆறுவதற்குள்.

அதே 2020இல் கர்நாடகமும் 79ஏ, 79பி, 79சி மூன்றையும் தூக்கியது. முதலில் அவசரச் சட்டம், டிசம்பரில் மேலவையில் தேவே கௌடாவின் மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் கையும் சேர்ந்தது. அந்தக் கட்சி முதலில் எதிர்த்தது, பிறகு ஆதரித்தது. மண்ணின் மகன் கட்சி, மண்ணைப் பற்றி அவர்களுக்குத் தெரியாததா? இதில் ரசிக்க வேண்டிய இடம் வேறு. பிரிவுகள் 2020லிருந்து நீக்கப்படவில்லை. 1974 மார்ச் 1லிருந்தே நீக்கப்பட்டதாகக் கருதப்படும் என்று எழுதினார்கள். 46 வருடமாக அதிகாரிகள் நோட்டீஸ் அனுப்பியதும், ஜனங்கள் தாத்தாவைத் தேடியதும், அதற்காகப் பணம் கை மாறியதும், எல்லாமே இல்லாத ஒரு சட்டத்துக்காக. வழக்குகள் தாமாகவே மடிந்தன. கை மாறிய பணம் மட்டும் பின்தேதியிட்டுத் திரும்பி வரவில்லை.

கடைசியாக, இந்தப் பக்கம் மனை பார்க்கும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. ‘79ஏ போயிடுச்சு சார், இனி யாரும் வாங்கலாம்’ என்று தரகர் சொன்னால் அது உண்மைதான். 1964ஆம் வருட நில வருவாய்ச் சட்டத்தின் 95ஆம் பிரிவு போகவில்லை என்பதை அவர் சொல்லமாட்டார். விவசாய நிலத்தை வாங்கலாம், விவசாயம் அல்லாத பயன்பாட்டுக்கு மாற்றும் கன்வர்ஷன் இல்லாமல் அதில் லேஅவுட் போட்டு வீடு கட்டக் கூடாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் பஹணியையும் கன்வர்ஷன் ஆர்டரையும் கேட்டு வாங்கி, கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.