மேற்படி ‘தி’

எங்கள் தெருவில் யார் ஆங்கிலத்தில் மனு எழுதினாலும் அது தபால் பெட்டிக்குப் போகிற வழியில் என் வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போகும். ஏதோ ஓர் அலுவலகத்தின் கடிதப் பிரிவில் தலை நரைத்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. கூலியும் கிடையாது. மாங்காய்க் காலத்தில் மாங்காய் வரும்.

கடிதங்களில் ஸ்பெல்லிங் சரியாகவே இருக்கும். இப்போதெல்லாம் அதைப் போன் பார்த்துக்கொள்கிறது. விஷயமும் கல் கரைகிற மாதிரி உருக்கமாக இருக்கும். தகராறு முழுக்க மூன்று பொடியன்களால்தான்: ஏ, ஆன், தி. இவர்களை வைத்தே ஆட்களைத் தரம் பிரித்துவிடலாம். ஒரு சாரார் பந்தியில் உப்பு வைக்கிறவரைப் போல, கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒவ்வோர் இலையிலும் ஒரு சிட்டிகை ‘தி’ வைத்துக்கொண்டே போவார்கள். தி தமிழ்நாடு, தி சென்னை, தி மை ஃபாதர். இன்னொரு சாரார் ‘தி’க்கும் ஜி.எஸ்.டி. உண்டு என்று நம்புகிறவர்கள். ‘ஐ ஆம் செக்ரட்டரி ஆஃப் சொசைட்டி’ என்று ஆரம்பித்து, பக்கம் முடிகிற வரை ஒரு ‘தி’யையும் செலவழிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

இந்த இரண்டாவது சாராரை நான் கடிந்துகொள்வதில்லை. அவர்கள் தந்தி வம்சம். ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு என்று இருந்த காலத்தில் எந்தப் பைத்தியக்காரன் ‘தி’க்குப் பணம் கட்டுவான்? ‘ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி’ என்று நாலு வார்த்தை வரும். ஆர்ட்டிகிள் இல்லை, வினைச்சொல்லில் பாதி இல்லை. இருந்தாலும் ‘எந்த ஃபாதர்? ஏதாவது ஒரு ஃபாதரா, குறிப்பிட்ட ஃபாதரா?’ என்று கேட்டு எவனும் ரயிலைத் தவறவிட்டதில்லை. 2013 ஜூலையில் தந்திச் சேவையை மூடியபோது பலரும் பழைய நினைவில் கண் கலங்கினார்கள். எனக்கோ, இலக்கணப்படி நம்மவர்கள் தைரியமாக ஆங்கிலம் எழுதிய ஒரே இடமும் போயிற்றே என்று இருந்தது.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம்தான் வேதம். வாத்தியார் அதைச் சுருக்கி ஒரே வரியில் சொல்லிவிட்டார்: “உலகத்தில் ஒண்ணே ஒண்ணுதான் இருக்குன்னா, தி போடு.” சூரியனுக்குத் தி. சந்திரனுக்குத் தி. பூமிக்குத் தி. அழகாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், “கடவுளும் ஒண்ணுதானே சார்?” என்று கேட்டான். ஆங்கிலக்காரன் தன் கடவுளுக்குத் தி போடுவதில்லை. அதாவது பரவாயில்லை, பிசாசுக்குப் போடுகிறான்: தி டெவில். வாத்தியார் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துவிட்டு, “அதுகளுக்கு மரியாதை கொடுத்துத்தான் தள்ளி நிறுத்தணும்” என்றார். அவர் மாரியம்மன் கோயில் பக்கத்து வீடு. அவருக்குத் தெரியாதா?

பூகோளம் இதைவிட மோசம். மலைத்தொடருக்குத் தி உண்டு, தனி மலைக்கு இல்லை. இமயமலைக்குக் கொடுப்பான், எவரெஸ்டுக்குக் கொடுக்க மாட்டான். நீலகிரிக்கு உண்டு, அதே நீலகிரியின் உச்சியில் நிற்கும் தொட்டபெட்டாவுக்கு இல்லை. கடலுக்கு உண்டு, வளைகுடாவுக்கு உண்டு; கொடைக்கானல் ஏரிக்கு இல்லை. ஆறு என்றால் கண்டிப்பாக உண்டு. தண்ணீர் ஓட வேண்டும் என்றுகூட நிபந்தனை இல்லை. வைகையில் கோடையில் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள். அப்போதும் அது ‘தி வைகை’தான். நிரம்பித் தளும்புகிற ஏரிக்கு இந்த அந்தஸ்து எந்த ஜென்மத்திலும் கிடைக்காது.

ஆஸ்பத்திரி விவகாரம் ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஒருவர் தி இல்லாமல் ஹாஸ்பிடலில் இருந்தால் அவர் நோயாளி. தி போட்டு இருந்தால் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போனவராக இருக்கலாம். சிறைக்கும் இதே கதைதான்: தி இல்லாமல் போனால் கம்பி எண்ணுகிறார், தி போட்டுப் போனால் மனு போட்டு மச்சானைப் பார்க்கப் போகிறார். அமெரிக்காக்காரன் ஆஸ்பத்திரி விஷயத்தில் மட்டும் நோயாளிக்கும் தி கொடுத்துவிடுகிறான். அங்கே வருகிற பில்லுக்கு அதையாவது கொடுக்க வேண்டாமா?

ஏ, ஆன் சங்கதி சுலபம் என்பார்கள். உயிரெழுத்துக்கு முன்னால் ஆன், மற்றதற்கு ஏ. எழுத்தைப் பார்க்காதே, ஓசையைக் கேள் என்பதும் விதி. யுனிவர்சிட்டி ‘யு’ என்று ஒலிப்பதால் ஏ. ஹவர் என்பதில் ஹ பேசாமல் கிடப்பதால் ஆன். இதே நியாயப்படி எம்.எல்.ஏ.வுக்கு ஆன், அவரையே விரித்து மெம்பர் என்று எழுதினால் ஏ. நல்லது, ஓசைதான் கணக்கு என்றால் யார் வாய் ஓசை? எங்கள் ஊரில் எம்.எல்.ஏ. கிடையாது, யெம்மெல்லேதான் உண்டு. எறும்பை யெறும்பு என்றும் எங்கே என்பதை யெங்கே என்றும் சொல்லிப் பழகிய வாய்க்கு, ‘ஏ எம்.எல்.ஏ.’ என்று எழுதுவதுதான் சட்டப்படி சரி. தெருவில் ஒருவர் அப்படி எழுதியிருந்தார். நான் திருத்தவில்லை. அவர் ஓசையைக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறார்.

இதில் தமிழனுக்குப் புதிதாக என்ன இருக்கிறது என்பதும் எனக்கு விளங்கவில்லை. ஒரு வீடு, ஓர் ஊர். உயிர் வந்தால் ஓர், மெய் வந்தால் ஒரு. ஆங்கிலக்காரனுக்கு இருக்கிற அதே வியாதி நமக்கும் இருக்கிறது. நாம் மருந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம், அவ்வளவுதான். ‘ஒரு ஊர்ல’ என்று கதை சொல்லாத வீடு உண்டா? அதைக் கேட்டு எந்தப் புலவரும் குழந்தையைத் தூக்கத்திலிருந்து எழுப்பித் திருத்தியதாகத் தெரியவில்லை.

அவர்கள் கதையைத்தான் பார்ப்போமே. பழைய ஆங்கிலத்தில் ஏ என்றொரு தனி ஆர்ட்டிகிளே கிடையாது. ‘ஒன்று’ என்னும் எண்ணுப்பெயர்தான் நாளாவட்டத்தில் தேய்ந்து ஆன் ஆகி, மேலும் தேய்ந்து ஏ ஆனது. ‘அந்த’ என்று விரல் நீட்டிச் சொன்ன ஒரு சுட்டுச்சொல் தேய்ந்து தி ஆனது. தேய்ந்ததோடு விடாமல் அக்கம்பக்கத்திலும் கை வைத்தன. விரியன் பாம்புக்கு அங்கே ஒரு காலத்தில் ‘நாடர்’ என்று பெயர். ‘ஏ நாடர்’ என்பதை வேகமாகச் சொல்லிச் சொல்லி ‘ஆன் ஆடர்’ ஆக்கிவிட்டார்கள். ஏப்ரனும் அம்பயரும் இதே வழியில் தலையிலிருந்த ந-வைப் பறிகொடுத்தவைதான். ஆரஞ்சின் கதை நம் வீட்டுக் கொல்லைவரை வருகிறது. சமஸ்கிருத நாரங்கத்துக்கு மூலம் நம் நாரத்தைக் குடும்பத்துச் சொல்தான் என்பது மொழியறிஞர்கள் பலரின் கணிப்பு. அரபு தேசம் தாண்டி ஐரோப்பாவுக்குப் போகிறவரை அது ந-வோடுதான் போயிற்று. ஸ்பெயினில் இன்றும் நரன்ஹாதான். இத்தாலி, பிரான்சுப் பக்கம் போனபோது அங்கிருந்த ‘ஒரு’ அதன் ந-வை விழுங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நாம் வாங்கிப் போகும் பழம் ஏற்கெனவே ஆர்ட்டிகிளிடம் அடிபட்டு வந்தது.

சொந்தக்காரர்களாவது இதை ஒழுங்காக வைத்துக்கொண்டார்களா என்றால், 1969 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். மூன்று லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, நீல் ஆம்ஸ்ட்ராங் ஏணியிலிருந்து இறங்கி, சந்திரனில் கால் வைத்து, அந்தப் பிரசித்தி பெற்ற வாக்கியத்தைச் சொன்னார். கேட்டவர்கள் காதில் ‘மேன்’ என்பதற்கு முன் ஏ விழவில்லை. ஏ இல்லாவிட்டால் ‘மேன்’ என்பது மனித குலம் ஆகிவிடும். ஆக, மனித குலத்துக்குச் சின்ன அடி, மனித குலத்துக்குப் பெரிய பாய்ச்சல் என்று முன்பாதியும் பின்பாதியும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. தான் ‘ஏ’ போடத்தான் நினைத்ததாகச் சொன்னார் அவர். 2006இல் ஆஸ்திரேலியாவின் பீட்டர் ஷான் ஃபோர்ட் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் ஒலிப்பதிவை அலசி, ஏ இருக்கிறது என்றார். இல்லை என்பவர்கள் இன்னும் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். ராக்கெட்டில் எத்தனையோ ஆயிரம் உதிரிப் பாகங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. தொலைந்தது ஓர் ஆர்ட்டிகிள்.

அது சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். 1967 நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம் அப்படியில்லை. அந்த ஆண்டுப் போரில் பிடிக்கப்பட்ட பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் வெளியேற வேண்டும் என்பது அதில் ஒரு வரி. ஆங்கில வாசகத்தில் ‘பகுதிகள்’ என்பதற்கு முன் தி இல்லை. இல்லாததால் எல்லாப் பகுதிகளும் என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை, வேண்டுமென்றேதான் விடப்பட்டது என்று ஒரு தரப்பு. பிரெஞ்சு வாசகத்தில் ஆர்ட்டிகிள் இருக்கிறதே, எல்லாப் பகுதிகளும்தான் என்று மறு தரப்பு. அரை நூற்றாண்டு தாண்டியும் வாதம் ஓயவில்லை. எங்கள் தெரு செக்ரட்டரி ஒரு தியை விட்டால் சொசைட்டி மட்டும்தான் கோபித்துக்கொள்ளும்.

இன்னொரு பக்கம், அமெரிக்காவின் ஒஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டி தன் பெயருக்கு முன்னால் இருக்கும் தியின் மேல் உயிரையே வைத்திருக்கிறது. தொப்பியிலும் பனியனிலும் அந்த ஒற்றைச் சொல்லைப் போட்டுக்கொள்ள 2022 ஜூனில் டிரேட்மார்க்கே வாங்கிவிட்டது. ஆங்கிலத்தில் அதிகம் புழங்குகிற சொல்லே தி தான். அதற்குப் பட்டா வாங்க முடியும் என்றால் காற்றையும் வெயிலையும் இத்தனை நாள் விட்டுவைத்தது நம் தப்பு. நாம் மட்டும் சளைத்தவர்களா? 2013இல் ஆங்கில ‘தி ஹிந்து’ பத்திரிகைக்காரர்கள் தமிழில் நாளிதழ் தொடங்கியபோது அந்தத் தியைத் தமிழ் எழுத்திலேயே தூக்கிக்கொண்டு வந்து ‘தி இந்து’ என்று பெயர் வைத்தார்கள். பேப்பர் போடுகிற பையன் முதல் நாளிலிருந்தே ‘தமிழ் இந்து’ என்றுதான் சொன்னான். பின்னால் நிர்வாகமும் தியை இறக்கிவிட்டு ‘இந்து தமிழ் திசை’ ஆக்கிக்கொண்டது.

என் தம்பி மகள் வெளிநாட்டுப் படிப்புக்காகத் தன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். கம்ப்யூட்டர் நீலக்கோடு போட்ட இடத்தில் எல்லாம் ஒரு தி சேர்த்திருந்தாள். நான் பாதியை அடித்தேன். “என்ன பெரியப்பா, அது வேணுங்குது, நீங்க வேணாங்கிறீங்க. எப்ப போடணும்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?” என்று அழமாட்டாக் குறையாகக் கேட்டாள்.

“உங்க அப்பாயி கதை சொல்வாங்கல்ல, அது எப்படி ஆரம்பிக்கும்?”

“ஒரு ஊர்ல ஒரு ராஜா. அந்த ராஜாவுக்கு ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணுக்கு…”

அவளே நிறுத்திக்கொண்டாள். முதலில் தலை காட்டினால் ‘ஒரு’, அறிமுகம் ஆன பிறகு ‘அந்த’. ரென்னும் மார்ட்டினும் பாடம் பாடமாகப் பிரித்துச் சொன்னதில் முக்கால்வாசியை அப்பாயி முறுக்கு கடிக்க முடியாத வாயால் சொல்லிக்கொடுத்துவிட்டார். சில சமயம் ‘அந்த’கூட நமக்கு வேண்டியதில்லை. இரண்டாம் வேற்றுமை உருபு ஐ ஒன்றே போதும். ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கிட்டேன்’ என்றால் நீங்களும் நானும் பேசிவைத்த புத்தகம். அந்தக் கடையில் ‘ஆள் தேடுறாங்க’ என்றால் வேலை காலி, பயோடேட்டாவோடு போகலாம். ‘ஆளைத் தேடுறாங்க’ என்றால் போலீஸ் வந்திருக்கிறது, அந்தப் பக்கமே போக வேண்டாம். பத்திரம் எழுதுகிறவர்களுக்கு ஐயும் போதவில்லை. மேற்படி சொத்து, மேற்படி சொத்தின் வடக்கே மேற்படியாரின் கிணறு என்று ஒவ்வோர் அடிக்கும் ஒரு மேற்படி நட்டுக்கொண்டே போவார்கள். இவ்வளவு கெட்டியான தி ஆங்கிலத்தில் கிடையாது, நீதிமன்றத்தில் நிற்கும்.

எங்கள் வீட்டில் இந்த வித்தையில் கெட்டிக்காரன் நான் இல்லை. என் தங்கை மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு குடும்பம் கோயிலில் அவளைத் தூரத்தில் பார்த்துவிட்டுப் போயிருந்தது. இரண்டு வாரம் சத்தமே இல்லை. அப்புறம் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். சுகம் விசாரித்தார், வெயிலைத் திட்டினார், வைத்துவிட்டார்.

“என்னண்ணே, பிடிச்சிருக்கா பிடிக்கலையான்னு ஒண்ணுமே சொல்லலையே?” என்றாள் தங்கை.

“ஞாயித்துக்கிழமை வர்றோம்னாங்க. அவ்வளவுதான்” என்றேன் நான்.

என் மனைவி ரென்னையும் பார்த்ததில்லை, மார்ட்டினையும் பார்த்ததில்லை. அடுப்படியிலிருந்தே சொன்னாள்: “நல்லாக் கேட்டீங்க போங்க. ‘பொண்ணு பார்க்க வர்றோம்’னா சொன்னாங்க? ‘பொண்ணைப் பார்க்க வர்றோம்’னுல்ல சொன்னாங்க! எல்லாம் முடிவு பண்ணிட்டாங்க. கேசரிக்கு முந்திரி கூடவே வாங்கிட்டு வாங்க.”