சேறு இல்லாத ஊரில் ஜீப் சண்டை

சிங்கப்பூர் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு மீன் தலைக்கறி தின்ன வருகிற யாரும் குதிரை எங்கே என்று கேட்பதில்லை. இருந்தது. 1842-ல் வெள்ளைக்காரத் துரைமார் சிலர் கூடி சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப்பை ஆரம்பித்தார்கள். இன்று ஃபேரர் பார்க் என்கிற இடத்தில் அப்போது சதுப்பும் புதரும்தான். அதை வெட்டித் திருத்தி ஓட்டப்பாதை போட்டு, 1843 பிப்ரவரியில் முதல் பந்தயம் விட்டார்கள். பரிசு 150 டாலர். குதிரைக்குச் சொந்தக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு சும்மா நிற்பார். குதிரையே இல்லாதவன்தான் தொண்டை கிழியக் கத்துவான். எல்லாப் பந்தயத்துக்கும் இதுதான் சட்டம். வண்டி ரசிகர்களின் சரித்திரத்தை எழுத இதைவிடத் தோதான மண் கிடைக்காது.

சாலை இல்லாத இடத்தில் வண்டி விடும் வீரமும் இங்கேதான் தொடங்கியது. 1911 மார்ச்சில் ஜோசப் கிறிஸ்டியான்ஸ் என்ற பெல்ஜியக்காரர் இந்தக் குதிரை மைதானத்திலிருந்துதான் சிங்கப்பூரின் முதல் விமானத்தைக் கிளப்பினார். 1919 டிசம்பரில் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியா போகும் வழியில் ராஸ் ஸ்மித் தன் விக்கர்ஸ் விமியை இங்கே இறக்கினார். மைதானம் சின்னது, விமானம் பெரிசு, பிரேக்கோ கிடையாது. தரையைத் தொடும் நேரத்தில் மெக்கானிக் பென்னட் இருக்கையை விட்டு வெளியே ஏறி, விமானத்தின் முதுகிலேயே சறுக்கிக்கொண்டு போய் வாலில் உட்கார்ந்தார். வால் அழுந்தியது, விமானம் நின்றது. ஒரு மனுஷனையே பிரேக்காக மாட்டிய அந்தத் தொழில்நுட்பத்துக்கு இதுவரை எந்தக் கம்பெனியும் உரிமை கோரவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் கோரியிருக்கிறார்கள்.

ஜீப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1940-ல் அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு குட்டி வண்டி தேவைப்பட்டது. நாலு சக்கரமும் இழுக்க வேண்டும், எடை 1,300 பவுண்டுக்குள் இருக்க வேண்டும், முதல் வண்டி 49 நாளில் கைக்கு வர வேண்டும். 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போனது. மதித்துப் பதில் போட்டவை இரண்டே இரண்டு: வில்லிஸ், பான்டம். பான்டம் அப்போது கிட்டத்தட்டப் பூட்டிய கடை. அது கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற இன்ஜினீயரைக் கூப்பிட்டு வந்தது. அவர் சில நாளில் படத்தை வரைந்து முடித்தார். செப்டம்பர் 23 மாலை, கெடு முடிய அரை மணி இருக்கும்போது, வண்டி ராணுவ முகாமுக்குள் நுழைந்தது. மேடு ஏறியது, பள்ளத்தில் குதித்தது, ராணுவம் சொக்கிப்போனது.

சொக்கிப்போன ராணுவம் செய்த முதல் வேலை, பான்டமின் படங்களை எடுத்து வில்லிஸிடமும் ஃபோர்டிடமும் கொடுத்தது. நீ சின்னக் கம்பெனியப்பா, உன்னால் எத்தனை செய்ய முடியும் என்பது சமாதானம். வில்லிஸ் தன் பங்குக்கு 60 குதிரைசக்தி எஞ்சினைப் போட்டதில் வண்டி கனத்துவிட்டது. ராணுவம் எடை வரம்பை 2,160 பவுண்டுக்கு ஏற்றியும் உள்ளே வரவில்லை. வில்லிஸ் ஆட்கள் போல்ட்டுகளின் நீட்டிய நுனிகளை வெட்டினார்கள். பெயின்ட்டை ஒரே பூச்சோடு நிறுத்தினார்கள். பிறகு லட்சக்கணக்கான ஜீப்புகளை வில்லிஸும் ஃபோர்டும் பங்கு போட்டுக்கொண்டன. பான்டம் சுமார் 2,700 செய்ததோடு சரி. அதற்கு ஆறுதல் பரிசாக வேறொரு ஆர்டர் தந்தார்கள்: மற்றவர்கள் செய்த ஜீப்புகளுக்குப் பின்னால் மாட்டுகிற இழுவைப் பெட்டி.

இன்றைக்கு ஜீப் ரசிகர்கள் நெஞ்சில் பச்சை குத்திக்கொள்கிற அந்தக் கம்பி முகம் இருக்கிறதே, அதைத் தகட்டில் அச்சடித்துக் கொண்டுவந்தது ஃபோர்டு. உடம்பு பான்டமுடையது. எஞ்சின் ஒன்றுதான் வில்லிஸின் சொந்தச் சரக்கு. ஜீப்பைக் கண்டுபிடித்தது நாங்களே என்று விளம்பரம் செய்யாதே என 1948-ல் அமெரிக்க வணிக ஆணையம் வில்லிஸுக்கு உத்தரவு போட்டது. சரி என்று கேட்டுக்கொண்ட வில்லிஸ், 1950-ல் ஜீப் என்ற பெயரைத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டது.

இந்தக் கூத்துக்கு நடுவில் சிங்கப்பூரும் மாட்டிக்கொண்டது. 1941 அக்டோபரில் புக்கித் தீமாவில் ஃபோர்டு புத்தம் புதுத் தொழிற்சாலை ஒன்றைத் திறந்தது. நாலே மாதம். 1942 பிப்ரவரி 15 அன்று அதே தொழிற்சாலையின் மேசையில்தான் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமாஷிதாவிடம் சரணடைந்தார். இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்களை பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். குதிரையை விற்கும்போதுகூட ஒரு வார்த்தை பேரம் பேசுவார்கள். கைமாறிய கூட்டத்தில் ஒரு பகுதி அங்கேயே, ஜப்பானியரோடு சேர்ந்துவிட்ட கேப்டன் மோகன் சிங் பக்கம் திரும்பி இந்திய தேசிய ராணுவத்துக்கு விதை போட்டது தனிக்கதை.

அந்தப் போரில் ஜெயித்த வண்டி எது என்று கேட்டால் எந்த பிராண்ட் ரசிகரும் வாய் திறக்கமாட்டார். சைக்கிள்! ஜப்பானியப் படை மலாயாவின் நீளத்தை அதில்தான் மிதித்து வந்தது. டயர் பஞ்சரானால் கழற்றி எறிந்துவிட்டு வெறும் வளையத்திலேயே ஓட்டினார்கள். ராத்திரியில் அந்தக் கடகட சத்தத்தைக் கேட்டு டாங்கி வருகிறது என்று பயந்து பின்வாங்கியவர்களும் உண்டாம். பெட்ரோலும் வேண்டாம், கியரும் வேண்டாம்.

ஃபோர்டு தொழிற்சாலையை நிசான் எடுத்துக்கொண்டு ஜப்பானியப் படைக்கு வண்டி பூட்டத் தொடங்கியது. நிசானா, ஃபோர்டா என்று இன்று சண்டை போடுகிறவர்கள் புக்கித் தீமா பக்கம் ஒரு நடை போய் வரலாம். கட்டடம் இப்போது அருங்காட்சியகம். அதே சமயம் பிலிப்பீன்ஸில் ஒரு பான்டம் ஜப்பானியர் கையில் சிக்கியது. டொயோட்டாவுக்குக் கட்டளை போனது: இதே மாதிரி செய், ஆனால் இதே மாதிரி தெரியக்கூடாது. பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவனுக்கு அண்ணன் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்.

போர் முடிந்ததும் காப்பி அடிப்பது ஊர்ப் பழக்கமாகிவிட்டது. மாரிஸ் வில்க்ஸ் என்ற ரோவர் கம்பெனி இன்ஜினீயர் வேல்ஸில் தன் பண்ணையில் ஒரு பழைய ராணுவ ஜீப்பை வைத்து உழைத்தார். அது தேய்ந்துபோனால் மாற்றாக வாங்க அமெரிக்க வண்டியைத் தவிர வேறில்லை. அந்த ரோஷத்தில் 1947-ல் கடற்கரை மணலில் படம் போட்டார். முதல் மாதிரி வண்டிக்கு அடியில் இருந்ததோ ஒரு ஜீப்பின் சட்டகம்! ஸ்டியரிங்கை வலப்பக்கம் வைப்பதா இடப்பக்கம் வைப்பதா என்ற வம்பே வேண்டாமென்று நட்டநடுவில் வைத்தார்கள். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் லேண்ட் ரோவர் பிறந்தது.

1951-ல் டொயோட்டா தன் வண்டிக்குக் கூச்சமே இல்லாமல் ‘டொயோட்டா ஜீப்’ என்று பேர் வைத்து, ஃபுஜி மலையில் ஆறாவது நிலை வரை ஏற்றிக் காட்டியது. வில்லிஸ் கண்ணை உருட்டியதும் 1954-ல் பெயர் லேண்ட் குரூஸர் ஆனது. லேண்ட் ரோவருக்குக் குறையாத கம்பீரம் பெயரில் வேண்டும் என்பதுதான் கணக்கு. இந்தியாவில் மஹிந்திரா அண்ட் முகம்மது என்று தொடங்கிய கம்பெனியில் குலாம் முகம்மது பாகிஸ்தானின் நிதியமைச்சராகப் போய்விட்டார். 1948-ல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. எம் அண்ட் எம் என்ற எழுத்தை மாற்றும் செலவு மிச்சம். அது வில்லிஸிடம் முறைப்படி உரிமம் வாங்கி ஜீப் பூட்டியது. இந்தக் குடும்பத்தில் கேட்டு வாங்கிய பிள்ளை அபூர்வம். அதன்மேல்தான் 2018-ல் அமெரிக்காவில் வழக்கு: மஹிந்திராவின் ராக்ஸர் வண்டியின் முகம் ஜீப் மாதிரி இருக்கிறதாம்.

சிங்கப்பூருக்கு ஒரு பெருமை பாக்கி. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டு, 1956 மார்ச்சில் இங்கே வந்து சேர்ந்தார்கள். வண்டி ஒரே கம்பெனி. ஆனாலும் ஒன்றுக்குக் கருநீலம், இன்னொன்றுக்கு வெளிர்நீலம் அடித்து, ஒன்றுக்கு ஆக்ஸ்ஃபோர்டு, மற்றதற்குக் கேம்பிரிட்ஜ் என்று பேரும் வைத்திருந்தார்கள். போட்டி போட எதிரி கம்பெனி கிடைக்காதபோது பெயின்ட் போதும். அதில் ஆக்ஸ்ஃபோர்டு 2019-ல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு லண்டனுக்குத் திரும்பி ஓடியது.

இப்போது ஃபேரர் பார்க் பக்கம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காப்பிக்கடையில் உட்கார்ந்தால் மிச்சக் கதை காதில் விழும்.

“லேண்ட் குரூஸர் மாதிரி வராது தம்பி. பாலைவனத்துல விட்டாலும் திரும்பி வரும்.”

“மஹிந்திரா தார் பார்த்தீங்களாண்ணே? எங்க ஊர்ல எம்எல்ஏ வீட்டு வாசல்ல மூணு நிக்குது.”

“நாங்க தேசிய சேவையில லேண்ட் ரோவர் ஓட்டினவங்க. என்கிட்டயா?”

“ஓட்டினீங்களா, தள்ளினீங்களாண்ணே?”

மூன்று பேரிடமும் சேர்த்து ஒரு வண்டி கிடையாது. வாங்கத் துணிந்தாலும் வாகன உரிமைச் சான்றிதழ் குறுக்கே நிற்கும். பெரிய கார்களுக்கான சான்றிதழ் 2023 அக்டோபரில் 150,000 வெள்ளியைத் தாண்டியது. அது வெறும் பத்து வருஷம் வண்டி வைத்துக்கொள்ள அனுமதி, வண்டி தனி. அப்படி வாங்கினவருக்கும் இந்த ஊரில் ஏற இருக்கிற உயரம் 163 மீட்டர் புக்கித் தீமா குன்று, அதிலும் நடந்துதான் ஏற வேண்டும். சேறு வேண்டுமென்றால் கடற்பாலம் தாண்டி ஜோகூர் போகவேண்டும். அதற்கும் டாங்கில் முக்கால்வாசி பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது 1991 முதல் சட்டம். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியை வாங்கிவிட்டு, அதைக் கார் பார்க்கின் வழவழத் தரையில் நிறுத்தி, டயரைத் துடைத்துக்கொண்டிருப்பதுதான் இங்கே சாகசம்.

தினமும் காலையில் நிஜமாகவே சேற்றில் இறங்குகிற ஒரு வண்டி இந்த ஊரில் உண்டு. கட்டுமான இடத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற லாரி. தாருக்கு வக்காலத்து வாங்கிய தம்பியும் நாளைக்கு அதன் பின்னால்தான் உட்கார்ந்து போவார். அந்த லாரி எந்தக் கம்பெனி என்று கேட்டுப் பாருங்கள், அவருக்கே தெரியாது.