விகிதம் சரியாக உள்ளது

அனுப்புநர்: புத்தூர், திருப்பதி மாவட்டம், ஆந்திரப் பிரதேசம்.
பெறுநர்: தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் கவுன்சில் (நாக்), பெங்களூரு.
பொருள்: முதல் தலைமுறை மாணவர், வயது கடந்து படிப்போர் – கல்லூரியில் வழிகாட்டி – விளக்கக் குறிப்பு அனுப்புதல் – தொடர்பாக.

வழிகாட்டி என்பவர், கல்லூரியில் யாரும் எழுதி ஒட்டாத சங்கதிகளைத் தெரிந்துவைத்திருந்து, மாணவர் கேட்பதற்கு முன்பே சொல்பவர். படித்தவர்கள் இருக்கும் வீட்டில் இந்த வேலையை அப்பாவோ சித்தியோ சம்பளமில்லாமல் செய்துவிடுகிறார்கள். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குள் நுழைபவருக்கும், வேலை பார்த்துக்கொண்டே முப்பது வயதுக்கு மேல் பட்டம் படிப்பவருக்கும் அப்படி ஆள் இல்லை. இது ஊரார் விளக்கம். நாக் அமைப்பின் விளக்கம் இன்னும் சுருக்கமானது. 2017இல் திருத்தப்பட்ட அதன் மதிப்பீட்டு முறையில் வழிகாட்டி ஒரு பின்னம்: மேலே மாணவர் தொகை, கீழே வழிகாட்டியாகக் காட்டப்படும் ஆசிரியர் தொகை. வகுத்தால் கிடைப்பது விகிதம். விகிதம் சரியாக இருந்தால் வழிகாட்டலும் சரியாக இருக்கிறது.

இந்தப் பின்னம் கல்லூரிக்கு வந்து சேர்ந்ததும் மென்டார்–மென்டீ ரிஜிஸ்டர் ஆகிறது. பதிவேட்டின் இயல்பு, ஆய்வுக்குழு வரும் தேதி தெரிந்த பிறகு வேகமாக நிரம்புவது. மூன்று ஆண்டுச் சந்திப்புகள் ஒரே பேனாவில் எழுதப்பட்டிருந்தால் அதைக் கையெழுத்தின் சீர்மை எனக் கொள்ளலாம். ‘அறிவுரை வழங்கப்பட்டது’ என்ற வாக்கியம் எல்லா மாணவருக்கும், எல்லாப் பிரச்சினைக்கும் பொருந்துவதால் வேறு வாக்கியத்துக்குத் தேவை எழுவதில்லை. கூடவே ஜியோ டேக் செய்த போட்டோ. மாணவர் நின்ற இடம் அதில் தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் வரை துல்லியமாகத் தெரியும். அவர் என்ன கேட்டார் என்பது தெரியாது.

கேட்க வேண்டியவை எவை என்பதற்குப் புத்தூர் நல்ல எடுத்துக்காட்டு. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது புத்தூரும் நகரியும் ஆந்திரத்தில் நின்றுவிட்டன. இங்கே வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளரும் பிள்ளைகள் ஏராளம். மாநில அரசு 2021-22 முதல் பட்டப்படிப்பு முழுவதையும் ஆங்கில வழிக்கு மாற்றியபின் அவர்களுக்கு மூன்றாவது மொழியும் சேர்ந்தது. விசைத்தறி ஓட்டும் வீட்டிலும் மாந்தோப்பில் கூலிக்குப் போகும் வீட்டிலும் இதைப் பற்றிப் பேசிப்பார்க்க ஆள் கிடையாது.

மொழியைவிடச் சிக்கலானது ‘லோக்கல்’ விதி. அரசியலமைப்பின் 371-டி பிரிவின்கீழ் 1974இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி, உயர்கல்வியில் 85 விழுக்காடு இடம் லோக்கல் மாணவர்களுக்கு. லோக்கல் யார் என்பதை ரேஷன் கார்டோ குலதெய்வக் கோயிலோ முடிவு செய்வதில்லை. கடைசி நான்கு ஆண்டு தொடர்ந்து எந்தப் பகுதியில் படித்தார் என்பதே முதல் கேள்வி. பிள்ளைக்குத் தமிழ் வேண்டும் என்று திருத்தணி உறவினர் வீட்டில் விட்டுப் படிக்கவைத்த குடும்பத்தில், அந்தப் பிள்ளை சொந்த ஊர்க் கல்லூரிக்கு நான்-லோக்கல். இது எட்டாம் வகுப்பிலேயே தெரிந்திருக்க வேண்டிய சங்கதி. பெரும்பாலும் இணையத்தில் கல்லூரியைத் தேர்ந்து வெப் ஆப்ஷன் கொடுக்கும் நாளில், நெட் சென்டர்காரர் வாயிலாகத் தெரியவருகிறது. அவ்வகையில் இப்பகுதியின் மூத்த வழிகாட்டி நெட் சென்டர்காரரே. நாக் விகிதத்தில் அவர் வரமாட்டார்.

சேர்ந்த பிறகு வருகைப்பதிவு. இப்பகுதிப் பொறியியல் கல்லூரிகள் பின்பற்றும் ஜே.என்.டி.யு. பல்கலைக்கழக விதியில் 75 விழுக்காடு வேண்டும்; 65க்கு மேல் இருந்தால் காரணம் காட்டி, கண்டோனேஷன் கட்டணம் கட்டித் தப்பலாம்; அதற்கும் கீழே போனால் டிடெயின், அதாவது அடுத்த பருவத்துக்குப் போக முடியாது. தோத்தாபுரி மாங்காய் இறங்கும் ஜூன், ஜூலையில் வீட்டுக்கு ஒத்தாசையாகத் தோப்புக்குப் போன மாணவர், 65க்கும் 75க்கும் இடையில் ஒரு வாசல் இருப்பதை அது மூடிய பிறகே அறிகிறார். ஒரு சீனியர் அண்ணன் தேநீர்க் கடையில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கும் விஷயம் இது. தேநீர்க் கடை கல்லூரி வளாகத்துக்கு வெளியே இருப்பதால் சான்றாவணம் ஆகாது.

இதே ஊரில் ஆளுக்கு ஆள் கைமாற்றித் தரும் பயிற்சி ஒன்று தலைமுறைகளாக நடக்கிறது. பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை, துணி என்ற நான்கோடு எலும்பு கட்டும் புத்தூர்க் கட்டுக்குத் தமிழ்நாட்டின் ஊர்தோறும் பெயர்ப்பலகை உண்டு. மருத்துவ நோக்கில் அதன் நிறைகுறை வேறு விவாதம். கற்பிக்கும் முறை மட்டும் கவனிக்கத்தக்கது: கற்பவர் பெரியவர் பக்கத்தில் நின்று அவர் கையைப் பார்க்கிறார், பிறகு பெரியவர் பார்த்திருக்கத் தாமே கட்டுகிறார். கட்டு அவிழ்க்கும் நாளில் அடிபட்டவர் திரும்பி வருவதால், கற்றது சரியா என்பதும் அன்றே தெரிந்துவிடுகிறது.

இப்பகுதியின் ஆகப் புகழ்பெற்ற வழிகாட்டலும் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. 1888இல் திருத்தணியில் பிறந்து திருப்பதியில் பள்ளிக்குப் போன எஸ். ராதாகிருஷ்ணன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவம் எடுத்தது ஆய்ந்து தேர்ந்த முடிவல்ல. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் பழைய தத்துவப் பாடநூல்களைக் கொடுத்தார். கையில் காசில்லாத மாணவருக்குப் பாடம் அதோடு முடிவாயிற்று. பின்னர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49இல் இயங்கிய பல்கலைக்கழகக் கல்வி ஆணையம், பல்கலைக்கழகங்களுக்கு மானியக் குழு வேண்டும் என்று பரிந்துரைத்தது. மானியக் குழு வந்தது. அது 1994இல் நாக்கை நிறுவியது. ஆக, நாக்கின் வம்சாவளியில் முதல் ஆள் அந்தப் பழைய புத்தகக்காரர். விகிதம் 1:1. போட்டோ இல்லாததால் மதிப்பெண் வழங்க வழியில்லை.

பணம் தேவையில்லை என்பதல்ல. எல்லைக்கு இந்தப் பக்கம் கட்டணத்தை அரசே செலுத்தும் திட்டம், அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2010இல் தொடங்கிய முதல் பட்டதாரி சலுகை, இரண்டும் பல வீடுகளில் கல்லூரிக் கதவைத் திறந்தன. உள்ளே போனவரிடம் என்ன ஆச்சு என்று கேட்பது வேறு வேலை. நடிகர் சூர்யாவின் அகரம் அறக்கட்டளை 2010இல் தொடங்கிய விதைத் திட்டம், கட்டணத்தோடு தன்னார்வலர்களையும் சேர்த்து அனுப்பியதன் காரணம் இதுதான்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் அனுபவம் நாக்குக்குப் பெருமை தரக்கூடியது. அதன் இரண்டாண்டுக் கல்லூரிகளில் ‘அசாப்’ என்னும் திட்டம் 2007இல் தொடங்கியது. வறிய மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டபோது, மூன்றாண்டில் பட்டம் முடித்தவர்கள் திட்டத்தில் 40 விழுக்காடு, வெளியே 22. அந்த ஒப்பீடு நடந்த காலத்தில் அங்கே ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர். புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி ஆளுக்கு இருபது என்று ரிஜிஸ்டரில் காட்டினால், நியூயார்க்கைவிட மும்மடங்கு மேல். வகுத்தல் கணக்கின்படி அவர்கள்தான் இங்கே வந்து பாடம் கேட்க வேண்டும். கணக்கில் ஏறாத சில்லறை வேறுபாடுகளும் உண்டு. அங்கே ஆலோசகருக்கு அது ஒன்றே வேலை. மாணவர் மாதந்தோறும் அவரைச் சந்தித்தே ஆக வேண்டும். பேருந்து, ரயில் பாஸும் கூடவே தருகிறார்கள். இங்கே வழிகாட்டி, வகுப்பும் எடுத்து, விடைத்தாளும் திருத்தி, கோடையில் வீடு வீடாக அட்மிஷனுக்கு ஆள் பிடித்து, மீதி நேரத்தில் நாக் ஃபைல் தயாரிக்கும் விரிவுரையாளர்.

வயது கடந்து படிப்பவர் இந்தப் பின்னத்தின் மேலும் இல்லை, கீழும் இல்லை. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை ஆலையில் ஷிப்ட் முடித்துவந்து தொலைநிலையில் பி.காம். படிக்கும் பெண் எந்தக் கல்லூரியின் ரிஜிஸ்டரிலும் மென்டீ ஆவதில்லை. நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982இல் ஹைதராபாத்தில் தொடங்கியது இவரைப் போன்றவர்களுக்காகத்தான். படிப்பைப் பாதியில் விடுவதும் இவர்களிடையே சகஜம். அமெரிக்காவில் பெட்டிங்கர், பேக்கர் என்னும் இரு ஆய்வாளர்கள் இத்தகையோர் நிறைந்த 13,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பயிற்சியாளர்கள் தொடர்ந்து போன் செய்து, பாடத்தைப் பற்றி அதிகம் பேசாமல், குழந்தையை யார் பார்ப்பது, எந்த நேரத்தில் படிப்பது, முதலாளியிடம் எப்படி விடுப்பு கேட்பது என்று பேசினார்கள். படிப்பில் நிலைத்தவர் அளவு சுமார் 5 விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்தது. அழைப்புகள் நின்று ஓராண்டு கழிந்தும் வேறுபாடு மறையவில்லை.

போனுக்கு ஜியோ டேக் கிடையாது. எனவே ஆய்வுக்குழு கல்லூரிக்கு வரும் நாளில் பூங்கொத்தும் மதிய விருந்தும் முடிந்தபின், ரிஜிஸ்டரை மூடிவைத்து, சென்ற ஆண்டு பாதியில் நின்றுபோன பத்து மாணவர்களின் எண்களைக் கேட்டு வாங்கி, குழுவே அழைத்துப் பார்க்கலாம் எனப் பரிந்துரைக்கப்படுகிறது. நின்ற வாரத்தில் கல்லூரியிலிருந்து யாராவது கூப்பிட்டார்களா என்ற ஒரு கேள்வி போதும். அழைப்புச் செலவைக் கல்லூரியின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.